மேரியின் எடை

எலியைக் கையில் பிடிக்கத் தைரியம் வேண்டும் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தைரியமெல்லாம் வேண்டாம், அவசரப்படாமல் இருந்தால் போதும். தாவீதுக்கு அவசரம் என்பதே கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் எலி அறை அவர் பொறுப்பு. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருநூறு எலிகள். கூண்டு மாற்றுவது, உமி பரப்புவது, தீனி போடுவது, தண்ணீர் புட்டியைக் கழுவுவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலைதான். எடை போடுவது மட்டும் தாவீதின் கைவேலை. வாலின் அடியைப் பிடித்து, உள்ளங்கையை முதுகில் ஒரு கணம் வைத்து, தராசுத் தட்டில் இறக்குவார். எலி அப்படியே நிற்கும். மற்றவர்கள் இறக்கினால் அது தட்டிலேயே ஓடும், எண் நிற்காமல் ஆடும்.

அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். தாவீது இருபது வருஷம் இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் வெந்தவர். நாற்பத்து நாலு வயதில்தான் இந்தக் குளிரூட்டிய அறைக்கு வந்து சேர்ந்தார். இங்கே வந்த பிறகுதான், "தாவீது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவரிடம் ஒருவர் கேட்டார். எட்டாவது வரை படித்தவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் யோசனை கேட்டார்கள். கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. யாருக்குத்தான் கனக்காது?

அந்த அறை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. எலி வாய் திறந்து சொல்லாது, அதன் எடைதான் சொல்லும். எடை ஏறினால் எலி சுகமாக இருக்கிறது. இறங்கினால் கோளாறு, உடனே மேலே போய்ச் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் அந்தப் பாடம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

போன வருஷம் ஐப்பசியில் ஜானவி என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். திருவள்ளூர்க்காரி. அப்பா பெருமாள் கோவில் கைங்கர்யத்தில் இருப்பவர். வெங்காயம்கூட நுழையாத வீட்டில் வளர்ந்த பெண், முட்டைக் கருவும் வனஸ்பதியும் கலந்து எலிக்கு உருண்டை பிடிக்கும்படி ஆனது. மூக்கைச் சுளித்துக்கொண்டே செய்தாள். இரண்டாம் நாளிலிருந்து, "நீ தள்ளிக்கம்மா" என்று தாவீதே அந்த வேலையை வாங்கிக்கொண்டார்.

அதிமதுர வேரின் சாறு ரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்குமா என்பது அவளுடைய கேள்வி. அதற்கு எலிகளை நாலு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான தீனி. இன்னொன்றுக்குக் கொழுப்புத் தீனி மட்டும். மூன்றாவதற்குக் கொழுப்புத் தீனியோடு, ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குக் கொடுக்கும் கொழுப்பு மாத்திரை. நாலாவதற்குக் கொழுப்புத் தீனியோடு வேர்ச்சாறு. எலியின் எடையில் கிலோவுக்கு நானூறு மில்லிகிராம் என்று கணக்கு. திங்கட்கிழமைதோறும் எடை பார்த்து, எடை கூடிய எலிக்கு மருந்தையும் கூட்ட வேண்டும். ஒரு கூட்டத்துக்குக் கொடுப்பதை மறந்தும் இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. கலந்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்று ஜானவி பத்துத் தரம் சொன்னாள். தாவீதும் பத்துத் தரம் தலையாட்டினார்.

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஈரலைப் பார்க்க வேண்டும் என்பதால் ஓர் எலியையும் உயிரோடு விடுவதில்லை, அது அங்கே வழக்கம். அன்றைக்கு ஜானவி வெளியே மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவர் தாவீதுதான்.

அடுத்த வாரம் அவள் கையில் காகிதத்தோடு ஓடிவந்தாள். வேர்ச்சாறு குடித்த எலிகளுக்குக் கொழுப்பு ஏறக்குறைய பாதியாக இறங்கியிருந்தது. மாத்திரை தின்ற எலிகளுக்கு அதைவிடவும் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது என்பதையும் அவள் சொன்னாள். அது தாவீதின் காதில் ஏறவில்லை. வேர் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு மேரியின் நினைவு வந்துவிட்டது. இதை மனுசருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று ஜானவி சிரித்தாள். படித்தவர்களுக்குப் பத்து வருஷம் காத்திருக்க நேரம் இருக்கிறது, என் பெண்டாட்டிக்கு எங்கே இருக்கிறது என்று தாவீது நினைத்துக்கொண்டார்.

மேரி அவருடைய மனைவி. நாற்பத்தாறு வயது. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனி ஒன்றில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அந்த வருஷம் ஆனி மாதம் வேலை செய்துகொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். கொழுப்பு இருநூற்று அறுபத்தெட்டு என்றார்கள். இதயம் பாதி பலத்தில்தான் அடிக்கிறது, மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, உடம்பில் நீர் தங்காமலிருக்க ஒன்று.

அந்த நீர் மாத்திரைதான் பேஜாரு. போட்ட ஒரு மணி நேரத்தில் முட்டிக்கொண்டு வரும். கம்பெனியிலோ ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் வெளியே விடுவார்கள், அதற்கும் சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும். ஆம்பிளைப் பையனிடம் போய் மூன்றாவது தடவை அட்டை கேட்க மேரிக்கு நாக்கு எழாது. தொடையை இறுக்கிக்கொண்டு நிற்பாள். கொழுப்பு மாத்திரையால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்பது அவளுடைய இன்னொரு குறை. இருந்தாலும் விடாமல் ஆறேழு மாதம் போட்டாள். ஒரே மகள் ஏஞ்சலின் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பார்க்கும் வரைக்குமாவது இருக்க வேண்டும் என்று மேரி ஜெபத்தில் தினமும் கேட்பாள். பெரிதாக வேறு எதையும் கேட்டவளில்லை.

தை மாதத்தில் தாவீது பொன்னேரி பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அதிமதுர வேர் வாங்கிவந்தார். அதை இடித்து, கஷாயமாகக் காய்ச்சி, பாகு பதம் வரும்வரை சுண்டவைத்தார். ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய தராசு ஒன்று, தீனி மூட்டை நிறுத்தது, வீட்டில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் மேரியை அதன்மேல் ஏறச் சொன்னார்.

"நானும் உன் எலியாய்ட்டனா?" என்றாள் மேரி.

"ஆடாம நில்லு" என்று அவர் உள்ளங்கையை அவள் முதுகில் வைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். ஐம்பத்து நாலு கிலோ. கிலோவுக்கு நானூறு மில்லி என்றால் இருபத்தொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நோட்டில் தேதி போட்டு, எடை போட்டு, பக்கத்தில் அளவைக் குறித்துக்கொண்டார். எலிக்கு எழுதும் அதே மாதிரி, அதே கட்டம். ஜானவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கவரைப்பேட்டையில் ரத்தம் பார்த்தார்கள். நூற்று எண்பத்திரண்டு. தாவீது அந்தச் சீட்டை மூன்று தரம் படித்தார். வேர் இருநூற்று அறுபத்தெட்டை நூற்று எண்பத்திரண்டாக்கிவிட்டது என்று மேரியிடம் நாலு தரம் சொன்னார். ஏழு மாதமாக மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருந்ததே என்று அவருக்குத் தோன்றவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒரு கூட்டத்துக்கு இரண்டையும் கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது என்ற பாடத்தை எலிக்குக் கடைப்பிடித்தவர், தன் வீட்டில் மறந்துபோனார். ஆசை கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல.

அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது மேரி கேட்டாள். "அதான் கொறைஞ்சிருச்சில்ல. அப்ப இந்த மாத்திரைங்கள உட்டுரலாமாய்யா? நின்னுக்கினே அடக்கி அடக்கி அடிவயிறு நோவுது."

தாவீது யோசித்தார். யோசித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், சட்டென்று சொல்லிவிடவில்லை. கொழுப்புதான் நோய் என்றால் கொழுப்பு போய்விட்டது. பிறகு மாத்திரை எதற்கு?

"உட்டுரு. வேரு பாத்துக்கும்" என்றார்.

மேரிக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. அடுத்த நாளிலிருந்து மூன்று மாத்திரைகளும் அலமாரியில் தூங்கின. அடிவயிறு நோவு நின்றது, கெண்டைக்கால் பிடிப்பும் போனது. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை, அதில் பொய்யில்லை.

பிறகு எடை ஏற ஆரம்பித்தது. ஐம்பத்தைந்தரை, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக எலும்பும் தோலுமாக இருந்தவள் வாரத்துக்கு வாரம் ஏறுவதைப் பார்க்கத் தாவீதுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எடை ஏறினால் சுகம். ஏழு வருஷத்துப் பாடமல்லவா. எடை ஏறியதும் கணக்குப்படி வேரின் அளவையும் ஏற்றினார். அவள் செருப்பு காலில் நுழையவில்லை என்றபோது, நின்றுகொண்டே வேலை பார்த்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்றார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றபோது தலைக்கு இன்னொரு தலையணை வைத்தார்.

பங்குனியில் ஏஞ்சலின் விடுமுறைக்கு வந்தாள். வாசலில் நுழைந்ததுமே அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டாள். "அம்மா மூஞ்சி இன்னா நைனா இப்டி உப்பிக்கினு கீது?" என்று கேட்டாள். உப்பல் இல்லை, தேறிக்கொண்டு வருகிறாள் என்று தாவீது நோட்டை விரித்துக் காட்டினார். எண்கள் வரிசையாக ஏறியிருந்தன. அவற்றைப் பார்த்த மகளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அப்பன் எலி டாக்டர்களோடு பழகுகிறவன்.

சித்திரை இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனி வேனுக்காகக் கவரைப்பேட்டை நிறுத்தத்தில் நின்றிருந்த மேரி, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. கூட நின்ற பெண்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாவீது எலி அறையிலிருந்து வேலைக்குப் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

ஆக்ஸிஜன் வைத்த பிறகு மேரிக்குக் கொஞ்சம் பேச வந்தது. அப்போது வந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. சமீபத்தில் எடை பார்த்தீர்களா என்று கேட்டார். தாவீது நோட்டில்லாமலே வாரவாரியாகச் சொன்னார். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்தரை, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்றரை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"இதெல்லாம் சதை இல்லைங்க, தண்ணி. ரெண்டு கிலோ ஏறின அன்னிக்கே கூட்டிக்கினு வந்திருக்கணும்" என்றார்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சீட்டில் ஒன்றரை மாதமாக மாத்திரை வாங்கிய பதிவே இல்லையே, யார் நிறுத்தச் சொன்னது?

தாவீது வாயைத் திறக்குமுன் மேரி முகமூடியை விலக்கினாள். "நானாதான் உட்டுட்டேன் சார். இவுருக்குத் தெரியாது."

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். உடம்பில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருக்கிறது, நீர் மாத்திரையும் போடாதபோது இவ்வளவு குறையக் காரணமே புரியவில்லை என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "நாட்டு மருந்து, கஷாயம், வேரு, இந்த மாதிரி ஏதாச்சும் சாப்டீங்களாம்மா? மறைக்காம சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பாக்கணும்."

மேரி கட்டிலில் படுத்தபடி கணவரைப் பார்த்தாள். அவர் மேலிருந்த நீலக் கோட்டைப் பார்த்தாள், அதில் ஆய்வுக்கூடத்தின் பெயர் தைத்திருந்தது. இந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததே இந்தக் கோட்டு வந்த பிறகுதான் என்பது அவளுக்கல்லவா தெரியும். எலிக்கு வைத்த மருந்தைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தான் என்று வெளியே போனால் வேலையும் போகும், பேரும் போகும்.

"ஒன்னும் சாப்டல சார்" என்றாள்.

டாக்டர் தாவீதின் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடி அவர் கையில்தான் இருந்தது. ஆமாம் சார், அதிமதுரம் கொடுத்தேன், பதினொரு வாரமாகக் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. தாவீது அசையாமல் நின்றார். பயம்தான். மேரி பிழைத்து எழுந்ததும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு சாக்கையும் எடுத்துக் கொடுத்தது. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நீரை இறக்க ஊசி போட்டார்கள். வெள்ளிக்கிழமை கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது, இரண்டு இட்லி தின்றாள். ஏஞ்சலினுக்குப் போன் போட்டு, பயப்படாதே, லீவு போட்டு ஓடிவராதே என்றாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. டாக்டர்கள் மார்பை அழுத்திப் பார்த்தார்கள். பத்தரைக்கு எல்லாம் முடிந்தது.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான், பெண்டாட்டியை வாரம் தவறாமல் எடை போட்டுப் பார்த்துக்கொண்டானே என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழி பேசும்போது மட்டும்தானா, புகழும்போதும் அதே கதைதான். மேரியின் தம்பி இம்மானுவேல் கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க அக்கா புடிவாதக்காரி மாமா. சின்ன வயசுலேர்ந்து மருந்துன்னா தூக்கிப் போட்ருவா. நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்று சொல்லி அழுதான். பாஸ்டர்கூட ஜெபத்தில், சரீரத்தை அலட்சியம் பண்ணாமலிருக்க எங்களுக்குப் புத்தி தாரும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். செத்தவளை எல்லாருமாகச் சேர்ந்து மெதுவாகத் திட்டினார்கள். தாவீது கேட்டுக்கொண்டு நின்றார்.

ஏஞ்சலின் அழவில்லை. குழியில் மண் போடச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறுநாள் அப்பாவிடம் ஒரே ஒரு தரம் பேசினாள். "ஒரு மாத்திர முழுங்க முடியலயா நைனா அவளால? எனக்காகக்கூட முடியலயா?" அதற்குப் பிறகு அம்மாவின் பெயரை எடுக்கவில்லை. கல்லறைக்கு வா என்று அழைத்தபோதும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு விடுதிக்குக் கிளம்பிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தாவீது வேலைக்குப் போனார். ஜானவி அவரைப் பார்த்ததும் கண் கலங்கினாள். தேநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். தாவீது, இதய நோய்க்காரருக்கு அதிமதுரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"அய்யோ, கொடுக்கவே கூடாது அண்ணா. அது உடம்புல தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வெச்சுக்கும். பொட்டாசியத்தை இறக்கிடும், அது இறங்கினா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். ஏற்கெனவே பலம் இல்லாத இதயம்னா ஆபத்து. எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கே. ஏன் கேக்கறீங்க?"

தாவீது டம்ளரைக் கீழே வைத்தார். நம்ம எலிங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டார். எலிக்கு அது ஆகவில்லையே என்பதைத்தான் இரண்டு வாரமாக அவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஜானவி தயங்கினாள். "நாலு வாரம்தானே அண்ணா குடுத்தோம். அஞ்சாவது வாரம் என்ன ஆகியிருக்கும்னு யாருக்குத் தெரியும்? நாமதான் ஒன்னையும் உயிரோட விடலையே."

மேரி பதினொரு வாரம் குடித்தாள். தாவீது எழுந்து எலி அறைக்குள் போனார். அன்றைக்கு அவர் கையில் எந்த எலியும் நிற்கவில்லை, தராசில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அவருக்கு வால்கூடக் கைக்கு எட்டவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஏஞ்சலின் வந்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், பாய் சுருட்டினாள், பாத்திரம் கழுவினாள். அம்மாவின் படத்துக்குப் பூ வைக்கச் சொன்னபோது அந்த வேலையை இம்மானுவேலின் மனைவியிடம் தள்ளிவிட்டாள். எல்லாரும் போன பிறகு விடுதிக்குப் போகப் பையைக் கட்டினாள். வெயில் இன்னும் இருந்தது, நாலு மணிதான் ஆகியிருந்தது.

தாவீது சுவரோரம் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேரி அவருக்காகச் சொன்ன பொய் இந்தப் பெண்ணின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. தன்னை விட்டுவிட்டுப் போகத் துணிந்தவள் என்று அம்மாவை நினைத்துக்கொண்டு இவள் இனி ஆயுசு முழுக்க வாழப்போகிறாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தனக்கு மகள் மிஞ்சுவாள், மகளுக்கு அம்மா மிஞ்சமாட்டாள். ஒரு தரம் பேசாமலிருந்து மேரியைக் கொன்றாயிற்று. இன்னொரு தரம் பேசாமலிருக்க அவரால் முடியவில்லை.

"ஏஞ்சலு" என்றார். "அம்மாவா மாத்திரய நிறுத்தல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவள் பையைக் கட்டியபடியே நின்றாள். தாவீது ஒன்றையும் விடவில்லை. வேர் வாங்கியது, இடித்துக் காய்ச்சியது, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டது, எடை ஏற ஏற அளவை ஏற்றியது, ஜானவி சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அம்மா தன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்றும் சொன்னார்.

ஏஞ்சலின் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டாக்டரு கேக்கும்போது நீ அங்கதான நின்னுக்கினு இருந்த?"

"இருந்தேன்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லலம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பையைக் கீழே வைத்தாள். பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, கொடியில் கிடந்த அம்மாவின் புடவை ஒன்றை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறாள் என்று தாவீதுக்குப் புரிந்தது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ வராத நைனா" என்றாள் அவள், திரும்பாமலே.

கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில்தான், கூப்பிடு தூரம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழுகை கேட்டது. முப்பது நாளாக வராதது அடைப்பு உடைந்து வந்தது. அம்மா, அம்மா என்று அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது வீடு வரை கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி அவளைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். தாவீது போகவில்லை. பெற்ற மகள் வராதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.